எலக்ட்ரிக் காருக்கு டீலரிடம் போடும் சர்வீஸ் அவசியமா, வெளியே பார்த்துக்கொண்டால் போதாதா?

கேட்டவரின் கார் மதுரையில் ஓடுகிறது. இரண்டு வருடம், 22,000 கிலோமீட்டர். டீலர் கொடுத்த எஸ்டிமேட் பதினோராயிரத்தைத் தொடுகிறது. இன்ஜின் ஆயில் கிடையாது, பிளக் கிடையாது, கிளட்ச் கிடையாது, அப்புறம் எதற்கு இவ்வளவு பணம் என்பது அவர் கேள்வி.

சர்வீஸை விட்டுவிடாதீர்கள். அதே சமயம் அந்த எஸ்டிமேட்டுக்கு அப்படியே கையெழுத்தும் போடாதீர்கள். ஓனர் மேனுவலில் மெயின்டனன்ஸ் ஷெட்யூல் என்று ஓர் அட்டவணை இருக்கும். உங்கள் கிலோமீட்டருக்கும் மாதத்துக்கும் நேரே அதில் என்ன போட்டிருக்கிறதோ, அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டை அந்தப் பக்கத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தாலே தொகை கணிசமாக இறங்கிவிடும்.

டீலரிடமே போகச் சொல்வதற்கு முதல் காரணம் பேட்டரி வாரண்டி. பல மாடல்களுக்கு அது 8 வருடம் அல்லது ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். பேட்டரி மாற்றுவது லட்சக்கணக்கில் ஆகும் வேலை. நாளைக்கு நீங்கள் கிளெய்ம் போட்டால் கம்பெனி முதலில் எடுத்துப் பார்ப்பது சர்வீஸ் ஹிஸ்டரியைத்தான். வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி கிடையாது என்று மிரட்டுவது உள்ளிட்ட காரணங்களுக்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது உண்மை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனதும் உண்மை. சட்டம் நம் பக்கம் பேசினாலும், வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்கு அலைவதைவிட வருடா வருடம் ஷெட்யூல் வேலையை முடித்து பில்லைக் கையில் வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

இனி, ஷெட்யூலில் எந்த வேலைக்கு நிஜமாகவே பணம் கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் பிரேக் ஃப்ளூயிட். ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது) இருப்பதால் பிரேக்கே தேய்வதில்லை, ஃப்ளூயிட் எதற்கு மாற்ற வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரேக் பேட் அதிகம் தேயாது என்பது சரி. ஆனால் ஃப்ளூயிட் கெடுவது ஓட்டத்தால் அல்ல, ஈரத்தால். வண்டி சும்மா நின்றாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்குரிய வரம்பு 155 டிகிரிதான். இந்த வித்தியாசம் மதுரை ஊருக்குள் தெரியவே தெரியாது, கொடைக்கானல் இறக்கத்தில் தெரியும். ராத்திரி முழுக்க மலைமேல் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் வத்தலக்குண்டுக்கு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமே இருக்காது. ரீஜென் அடங்கிவிடும். வண்டியின் முழு எடையையும், அதுவும் பெட்ரோல் காரைவிடக் கூடுதலான எடையை, பேடும் டிஸ்க்கும் மட்டுமே தாங்க வேண்டும். ஈரமேறிய ஃப்ளூயிட் சூட்டில் ஆவியாகிக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் மேனுவல் சொல்லும் கெடுவில், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, மாற்றிவிடுங்கள். ஈர அளவைக் காட்டும் டெஸ்டர் பேனா டீலரிடம் இருக்கும். கண்ணெதிரே வைத்துக் காட்டச் சொல்லலாம். மலையில் தங்கினால் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

பேட் தேயாததில் இன்னொரு வம்பும் உண்டு. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர், பின் (pin) என்ற சின்னத் தண்டுகளில்தான் நகரும்; அதிகம் அசையாவிட்டால் அந்தப் பின் காய்ந்து இறுகிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து இரண்டு வாரம் ஓடாமல் நின்ற வண்டியில் இது சகஜம். இறுகிவிட்டால் ஒரு பேட் மட்டும் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், ரேஞ்சும் குறையும். அதிகம் பிரேக் போடாமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரத்தின் ரிம்முக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் பிரச்சினை. வேலை சின்னதுதான்: சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் தூக்கி, இரண்டு பின்னையும் உருவித் துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவி, ரப்பர் பூட் கிழியாமல் இருக்கிறதா பார்த்து மாட்டுவது. சாதாரண பேரிங் கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிவிடும். நல்ல மெக்கானிக் யாரும் வெளியிலேயே செய்யலாம். பின் சக்கரத்தில் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் மட்டும் ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) சர்வீஸ் மோடு போட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

அடுத்தது ஏசி. இதை மட்டும் ரோட்டோர கேஸ் ஃபில்லிங் கடைக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். சித்திரை வெயிலில் கூலிங் குறைந்ததும் எல்லோரும் செய்வது அதைத்தான். பெட்ரோல் கார் ஏசியை பெல்ட் சுற்றுகிறது. உங்கள் காரில் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது, அதற்கு வருவது நேராகப் பெரிய பேட்டரியின் ஹை வோல்டேஜ். அந்த மோட்டார் குளிப்பதே கேஸோடு கலந்த ஆயிலில். ஆகவே மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான் பெரும்பாலும் அதில் இருக்கும். சாதாரண கார்களுக்குப் போடும் பிஏஜி ஆயில் கலந்தால் மின்கசிவைத் தடுக்கும் இன்சுலேஷன் போய்விடும். கடைக்காரர் தெரிந்து ஊற்ற வேண்டியதில்லை. முந்தின வண்டிக்குப் போட்ட ஆயில் மெஷின் ஹோஸில் தங்கியிருந்தாலே வம்புதான். கொஞ்ச நாளில் இன்சுலேஷன் ஃபால்ட் என்று வண்டி கிளம்ப மறுக்கும். கம்ப்ரஸரோடு குழாய், கண்டன்ஸர் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டி வரலாம். லிக்விட் கூலிங் உள்ள பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசி கேஸ்தான். கேஸ் குறைந்தால் வெயில் நாளில் ஃபாஸ்ட் சார்ஜிங்கும் மந்தமாகும்.

கூலன்ட்டும் இதே கதை. நிறத்தைப் பார்த்து வாங்கி ஊற்றக் கூடாது. சில மாடல்களில் மின்கடத்தல் குறைந்த தனி ரக கூலன்ட் இருக்கும். போர் தண்ணீர் ஒரு டம்ளர்கூட வேண்டாம். டேங்க்கில் அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், டாப்-அப் செய்து அதை மறைத்துவிடக் கூடாது. கூலன்ட் மாற்றிய பிறகு பம்ப்பை ஸ்கேனரால் ஓட்டித்தான் பல மாடல்களில் காற்றை வெளியேற்ற முடியும். டீலர் வேலை, சந்தேகமே இல்லை.

12 வோல்ட் பேட்டரியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருக்கும், ஆனால் வண்டி ‘ரெடி’ (ஓடத் தயார்) நிலைக்கு வராது. காரணம் பல சமயம் இந்தச் சின்ன பேட்டரிதான். நம் ஊர் சூட்டில் மூன்று, நான்கு வருடம் உழைத்தாலே பெரிய விஷயம். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே நின்றால் கவனியுங்கள். ரெடியில் போட்டதும் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் கோளாறு சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரில். மாற்றும்போது அதே ஆம்பியர் அவர், அதே ரகம்.

கேபின் ஃபில்டருக்கு லேபர் சார்ஜ் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், மூடியைக் கழற்றி, காற்றோட்ட அம்புக்குறி பழையதில் இருந்த பக்கமே வரும்படி புதியதைச் சொருகினால் முடிந்தது. டயர் ரொட்டேஷன், அலைன்மென்ட் வெளியே செய்யலாம். ஜாக்கி போடும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். பைபாஸ் ரோட்டுக் கடையோ மேலூர் பஞ்சர் கடையோ, அவசரத்தில் நடுவே ட்ராலி ஜாக்கியைத் தள்ளினால் அது பேட்டரிப் பெட்டியில்தான் போய் முட்டும். ஓரத்தில் அதற்கென்று உள்ள ஜாக் பாயின்ட்டில் மட்டுமே தூக்க வேண்டும்.

எஸ்டிமேட்டில் அடித்துவிட வேண்டியவை: ஏசி டிஸ்இன்ஃபெக்ட், இன்டீரியர் என்ரிச்மென்ட், கண்ணாடி ட்ரீட்மென்ட், பெயின்ட் கோட்டிங். அண்டர்பாடி கோட்டிங்கும் வேண்டாம். மதுரையில் கடல் காற்று கிடையாது, அதோடு பேட்டரிப் பெட்டியின் காற்றுத்துளையை அந்தக் கோட்டிங் அடைத்துவிடலாம், ஸ்பீட் பிரேக்கரில் தட்டிய நெளிவையும் மூடி மறைத்துவிடும். வருடாந்திர சர்வீஸ் பேக்கேஜையும் எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பார்கள். இரண்டும் வேறு வேறு. எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்: ஃபால்ட் கோடுகளை அழிப்பதற்கு முன் பிரின்ட், பேட்டரியின் எஸ்ஓஹெச் அளவு (புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்பது), சாஃப்ட்வேர் வெர்ஷன், லிஃப்டில் ஏற்றியதும் பேட்டரி அடிப்பக்கத்தின் போட்டோ. உங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி என்றால், மேனுவல் சொல்லும் இடைவெளியில் ஸ்லோ சார்ஜரில் 100 சதவீதம் வரை போட்டு எடுத்துவிட்டு, பிறகு வண்டியைக் கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் சதவீதக் கணக்கு விலகி, அந்த எஸ்ஓஹெச் எண்ணையும் நம்ப முடியாமல் போகலாம். எஸ்ஓஹெச் அளவு எழுதிய ஜாப் கார்டை வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். பல கம்பெனிகள் வைத்திருக்கும் 70 சதவீத வரம்புக்குக் கீழே பேட்டரி இறங்கிவிட்டது என்று கிளெய்ம் போடும் நாளில், எந்த வருடம் எவ்வளவு இறங்கியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.