இரவு இரண்டு மணி ஹாக்கி: லைனப் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் குழுவில் பதினெட்டுப் பேர். எல்லோரும் தென்னாப்பிரிக்கா. பாதிக்கு மேல் டர்பன் பக்கம், மிச்சம் பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா. வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கிக்கு வாரம் இரண்டு இரவு ஒருநாள் ஃபேன்டசி அணி போடுகிறோம்: நிஜ வீரர்களைப் பொறுக்கி ஒரு கற்பனை அணி, அன்றிரவு அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. பணம் கிடையாது. மாதக் கடைசியில் அடியில் கிடப்பவர், மேலே இருப்பவருக்கு ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றியது) வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

விதிகளை டிராஃப்ட்கிங்ஸ் தளத்தின் கிளாசிக் ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வீரருக்கும் தளம் ஒரு கற்பனை விலை வைத்திருக்கும்; 50,000 டாலர் சம்பள வரம்புக்குள் ஒன்பது பேர்: 2 சென்டர் (நடு முன்வரிசை), 3 விங் (ஓர முன்வரிசை), 2 டிஃபன்ஸ் (பின்வரிசை), 1 கோலி (கோல் காப்பவர்), அப்புறம் கோலி தவிர யாரையும் போடக்கூடிய ஒரு யுட்டிலிட்டி இடம். கோலுக்கு 8.5, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) 5, இலக்கை நோக்கிய ஷாட்டுக்கு 1.5, உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுத்த ஷாட்டுக்கு 1.3 புள்ளி.

துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் ஆறு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன் நான். அந்த நேரத்துக்கு நேரலையில் கிடைத்த ஒரே விளையாட்டு இது. அதனால்தான் கேள்விகள் எல்லாம் என் தலையில் வந்து விழுகின்றன.

சாட்ஸ்வர்த் தம்பி: அண்ணா, நான் கிரிக்கெட் ஃபேன்டசி போட்டுப் பழகியவன். ஹாக்கியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயரைப் பார்க்காதே தம்பி, அவன் எத்தனை நிமிடம் ஐஸில் நிற்கிறான் என்று பார். கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரர் அவுட் ஆகும்வரை நிற்பார். இங்கே ஒருவர் இறங்கினால் முக்கால் நிமிடம், மூச்சு வாங்க பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார். 60 நிமிட ஆட்டத்தில் முதல் லைன் ஃபார்வர்டு (சென்டர் அல்லது விங்) 20 நிமிடம் வரை ஆடுவார். நான்காவது லைன்காரருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஒரு அணியில் மூன்று மூன்று பேராக நான்கு லைன் இருக்கும். உன் ஆள் எந்த லைன் என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, பவர் பிளேயில் முதல் செட்டில் இருக்கிறாரா என்பது. கிரிக்கெட் பவர் பிளேயோடு குழப்பிக்கொள்ளாதே. எதிரணியில் ஒருவர் தப்பு செய்து, பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்கு, வெளியே உட்கார்ந்தால் ஐந்து பேருக்கு எதிரே நான்கு பேர்தான். அந்த இரண்டு நிமிடத்தின் பெரும்பகுதியை முதல் செட்தான் ஆடும். மூன்றாவது லைனில் இருந்தும் பவர் பிளே முதல் செட்டில் இடம்பெறுகிற ஆள் சில நாள் மலிவாகக் கிடைப்பார். எனக்குப் பிடித்த சரக்கு அதுதான்.

டோங்காட் அக்கா: எல்லோரும் 'ஸ்டாக்' போடு, 'ஸ்டாக்' போடு என்கிறீர்கள். ஒரே அணியில் மூன்று பேரை ஏன் அடுக்க வேண்டும்? அந்த அணி கோல் போடாவிட்டால் மூன்றும் போச்சே?

போகும்தான் அக்கா. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள். அடித்தவருக்கு 8.5, அந்த ஷாட்டுக்கு 1.5, பாஸ் கொடுத்த இருவருக்கும் ஐந்து ஐந்து. மொத்தம் 20. மூன்று பேரும் உங்களிடம் இருந்தால் ஒரே கோலில் 20 புள்ளி. மூன்று வெவ்வேறு அணியிலிருந்து எடுத்திருந்தால் அதே 20-க்கு மூன்று ஆட்டத்தில் மூன்று நல்ல காரியம் நடக்க வேண்டும்.

2022-23 சீசனின் எட்மன்டன் ஆயிலர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பவர் பிளேயில் 32.4 சதவீத வாய்ப்பைக் கோலாக்கினார்கள். என்.எச்.எல். வரலாற்றில் அப்படி ஒரு கணக்கு அதற்கு முன் இல்லை. கானர் மெக்டேவிட் 153 புள்ளி, லியோன் டிரைசைட்டில் 128 (இது நம் ஃபேன்டசி புள்ளி இல்லை; கோலுக்கு ஒன்று, அசிஸ்டுக்கு ஒன்று என்கிற லீக் கணக்கு). அவர்களை யாருக்கும் தெரியும், விலையும் வானத்தில் இருக்கும். நான் காட்ட நினைப்பது ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸை. அதுவரை எந்த சீசனிலும் 70 புள்ளியைத் தொடாத மனிதர், அந்த வருடம் 104 எடுத்தார். அவர் திடீரென்று வேறு மனிதராகிவிடவில்லை. அதே பவர் பிளே செட்டில் அந்த இருவரோடு நின்றார், பூவோடு சேர்ந்த நாராக மணந்தார். ஸ்டாக் போடும்போது நாம் தேடுவது அந்த நாரைத்தான்.

என் வழக்கம்: ஒரு அணியிலிருந்து மூன்று பேர், இன்னொரு அணியிலிருந்து இரண்டு அல்லது மூன்று பேர், மிச்சம் தனி ஆட்கள். எந்த அணி என்பதற்கு, பந்தயம் நடத்துபவர்கள் அன்றைய ஆட்டங்களுக்கு எத்தனை கோல் குறித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு ஆட்டத்துக்கு மொத்தம் 6.5 என்று குறித்து, அதில் ஒரு அணி வெல்லும் என்றும் நினைத்தால், அந்த அணிக்கு மூன்றேகால் கோலுக்கு மேல் எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டாக்கை அங்கே போடுங்கள். நாம் பணம் கட்டாவிட்டாலும் அந்த எண் நமக்கு இலவசம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே லைனில் ஆடுகிறார்களா என்று அன்றன்றைக்குப் பாருங்கள். பயிற்சியாளர்கள் லைனைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைப்பவர்கள். போன வாரம் ஜோடியாக இருந்தவர்கள் இந்த வாரம் வேறு வேறு லைனில் இருப்பார்கள்.

லெனேசியா தம்பி: கோலியால் மூன்று முறை தோற்றேன் அண்ணா. கோலியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக்காரன் கோலியைப் பற்றிக் கேட்பது பொருத்தம்தான். என்.எச்.எல்.-இல் பெயர் வாங்கிய கோலி ஓலாஃப் கோல்சிக் பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில். 1970-இல் பிறந்து, வாஷிங்டன் கேபிடல்ஸுக்கு ஆடி, 2000-இல் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை வாங்கியவர்.

சரி, கணக்குக்கு வருவோம். சேவுக்கு (கோலி தடுத்த ஷாட்) 0.7, வெற்றிக்கு 6, விட்ட ஒவ்வொரு கோலுக்கும் 3.5 கழியும். 30 ஷாட்டில் இரண்டு விட்டு வென்றால் 18.6. அதே 30 ஷாட்டில் ஐந்து விட்டுத் தோற்றால் சரியாகப் பூஜ்யம். ஒரே இடத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் வேறு எங்கேயும் இல்லை. அதனால் கோலிக்குப் பணம் கொட்டுவதில் நான் கஞ்சன். மிக விலையுள்ள கோலி பலமான அணிக்குப் பின்னால் நிற்பார், அவருக்கு 22 ஷாட்தான் வரும். நடுத்தர விலைக் கோலிக்கு 38 ஷாட் வந்து, 35 பிடித்து, எப்படியோ வென்றும் விட்டால், 35 சேவுக்கான கூடுதல் 3-ஐயும் சேர்த்து 23 புள்ளி.

ஆனால் நீ தோற்றதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். அந்த மூன்று இரவும் உன் கோலி ஆடினாரா, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரா? அணிக்கு இரண்டு கோலி உண்டு, இறங்குவது ஒருவர்தான். அடுத்தடுத்த இரண்டு இரவு ஆட்டம் இருந்தால் இரண்டாவது இரவு பெரும்பாலும் மற்றவரை இறக்குவார்கள். ஆட்ட நாளன்று காலைப் பயிற்சி அமெரிக்கக் கிழக்குக் கரையில் பத்து, பத்தரை மணி வாக்கில் நடக்கும். அவர்களுடைய குளிர்காலத்தில் நமக்கு மாலை ஐந்து, ஐந்தரை. அந்தப் பயிற்சியில் முதலில் ஐஸை விட்டு வெளியேறுபவர்தான் அன்றைய கோலி என்பது பழைய அடையாளம். உள்ளூர் நிருபர்கள் அதை உடனே எழுதிவிடுவார்கள். மாலைத் தேநீரோடு பார்த்துவிடலாம்.

இன்னொன்று: உன் ஸ்டாக் எந்தக் கோலிக்கு எதிராக ஆடுகிறதோ அவரையே உன் கோலியாகப் போடாதே. சிரிக்காதே, போன மாதம் நம் குழுவிலேயே இருவர் போட்டிருந்தார்கள்.

பீனிக்ஸ் தம்பி: நேற்று மூன்று கோல் அடித்தவரை இன்று போடலாமா?

வேண்டாம். அவர் விலை ஏறியிருக்கும், எல்லோரும் அவரையே எடுப்பார்கள். கோலுக்கு வருகிற ஷாட்டில் சுமார் பத்தில் ஒன்றுதான் உள்ளே போகிறது. அதில் அதிர்ஷ்டம் நிறைய. ஷாட்டின் எண்ணிக்கை அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லாது. ஐந்து ஷாட் அடித்தால் 7.5, ஐந்தைத் தொட்டதற்கு மேலும் 3, ஆக 10.5. கோலே போடாமல் ஒரு கோலின் புள்ளியை எடுத்துவிட்டார். நாலு ஆட்டமாக ஷாட் மேல் ஷாட் அடித்தும் கோல் கிடைக்காமல் தவிக்கிற ஆளைத் தேடு. அவர் விலை இறங்கியிருக்கும்.

வெருலம் அண்ணன்: டிஃபன்ஸ் இரண்டு பேரையும் மலிவாகப் போட்டால் போதாதா?

ஒருவரை மலிவாகப் போடலாம், ஆனால் தடுக்கிறவராகப் போடுங்கள். மூன்று ஷாட் தடுத்தால் 3.9, கூடவே மூன்றைத் தொட்டதற்கு 3, மொத்தம் 6.9. ஒரு அசிஸ்டை விட அதிகம். இன்னொருவர் பவர் பிளேயை நடத்துகிறவராக இருக்கட்டும். கொலராடோவின் கேல் மக்கார் 2024-25-இல் 30 கோல் போட்டார். 2008-09-க்குப் பிறகு எந்த டிஃபன்ஸ்மேனும் தொடாத எண் அது. அவர் விலை அதற்கேற்ப இருக்கும், தினமும் கட்டாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா: ஒருவரோடு மட்டும் நேருக்கு நேர் மோதும்போதும், பதினெட்டுப் பேரோடும் மோதும்போதும் ஒரே அணி போடலாமா தம்பி?

நேருக்கு நேர் என்றால் நிறைய நிமிடமும் நிறைய ஷாட்டும் உள்ளவர்களாகப் போடுங்கள் ஐயா. பதினெட்டுப் பேரில் முதலிடம் வேண்டுமானால் மற்றவர்கள் தொடாத ஒரு ஸ்டாக் வேண்டும். அடி வாங்கினாலும் பரவாயில்லை என்கிற மனம் இருந்தால்தான் அது சரிப்படும்.

சாட்ஸ்வர்த் தங்கை: அணி எத்தனை மணிக்குப் பூட்டும்? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது அண்ணா.

நானும் குழம்பியவன்தான். கிழக்குக் கரையில் மாலை ஏழு மணி ஆட்டம் நமக்கு இரவு இரண்டு. ஆனால் மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை முன்னால் தள்ளும், நாம் தள்ள மாட்டோம். அன்றிலிருந்து நமக்கு இரவு ஒரு மணி. ஒரு மார்ச்சில் அதை மறந்து, ஒன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. காயத்தால் விலகிய இருவர் என் அணியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நவம்பர் முதல் ஞாயிறு மீண்டும் இரண்டு மணிக்குத் திரும்பும்.

ஒவ்வொரு வீரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டுவார். மேற்குக் கரை ஆட்டங்கள் நமக்கு விடியற்காலை ஐந்து வாக்கில்தான் தொடங்கும். ஆகவே கடைசி ஆட்டத்துக்காரரை யுட்டிலிட்டி இடத்தில் வைத்துக்கொள். அவர் விலகினால் சென்டர், விங், டிஃபன்ஸ் யாரை வேண்டுமானாலும் அங்கே மாற்றலாம். லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) கடுமையாக இருந்த 2023-இல் இரவு பத்துக்கே ஃபோனை முழுதாகச் சார்ஜ் பண்ணி வைத்த பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

டோங்காட் அக்கா, மறுபடியும்: தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறேன். இரவு விழிக்க முடியாது. மாலையே அணி போட்டுவிட்டுப் படுக்கலாமா?

தாராளமாக அக்கா. மாலை ஆறுக்குள் கோலி உறுதியான ஆட்டங்களிலிருந்து மட்டும் எடுங்கள். 'ஆடுவாரா என்று ஆட்ட நேரத்தில்தான் தெரியும்' என்று எழுதியிருக்கிற எவரையும் தொடாதீர்கள், எவ்வளவு மலிவானாலும் சரி. அணி கொஞ்சம் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்பது பேரும் ஐஸில் இருப்பார்கள்.

பந்தயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த மாதம் யார் தோற்றாலும் பீன்ஸ் பன்னிதான் என்று குழுவில் பேசி முடித்துவிட்டோம்.