ஹேண்ட் மிக்ஸரா, ஸ்டாண்ட் மிக்ஸரா? வாட் கணக்கை நம்பி வாங்காதீர்கள்

கேள்வி: வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டில் கேக் அல்லது குக்கீஸ் செய்கிறேன். வெண்ணெயையும் சர்க்கரையும் கையால் அடித்து அடித்துத் தோள்பட்டை வலிக்கிறது. பிரெட் செய்து பழகவும் ஆசை. கையில் பிடித்து அடிக்கும் ஹேண்ட் மிக்ஸர் போதுமா, கிண்ணத்தோடு மேடையில் நிற்கும் ஸ்டாண்ட் மிக்ஸர்தான் வேண்டுமா? ஒன்றில் 300 வாட் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 1200 வாட். வாட் அதிகமாக உள்ளதையே வாங்கிவிடலாமா?

பதில்: வாட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பெட்டியில் போட்டிருக்கும் வாட், மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதற்கான கணக்கு. அதில் எவ்வளவு பீட்டரின் (கலவையைச் சுற்றி அடிக்கும் பாகம்) முனைக்கு வந்து சேர்கிறது என்று அது சொல்லாது. கியர் சரியாக அமையாத 1200 வாட் இயந்திரம் கெட்டி மாவில் திணறுவதும் உண்டு, நல்ல கியர் உள்ள 300 வாட் இயந்திரம் அதே மாவை அலட்டிக்கொள்ளாமல் பிசைவதும் உண்டு. எனவே வாட்டை மட்டும் வைத்து இரண்டு கம்பெனிகளின் இயந்திரங்களை ஒப்பிட முடியாது.

நீங்கள் செய்வதிலேயே கெட்டியான மாவு எது என்று யோசியுங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது.

கேக், குக்கீஸ், கிரீம், முட்டை வெள்ளைக்கரு இவ்வளவுதான் என்றால் ஹேண்ட் மிக்ஸர் தாராளமாகப் போதும். உங்கள் தோள்பட்டையைப் படுத்தும் வேலையையே எடுத்துக்கொள்வோம். வெண்ணெயையும் சர்க்கரையும் அடிக்கும்போது, சர்க்கரைப் பரல்கள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகிற வழியெல்லாம் நுண்ணிய காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன. பேக்கிங் பவுடர் ஓவனுக்குள் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பவற்றைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு பேக்கிங் பவுடர் போட்டாலும் கேக் கனமாகத்தான் வரும்.

மிக்ஸரில் நடுத்தர வேகத்தில் 3 முதல் 5 நிமிடம் ஆகும். வெண்ணெயின் மஞ்சள் வெளிறி, கலவை பஞ்சு போல உப்பி, கிண்ணத்தின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். அடிக்கத் தொடங்கும்போது வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று எண்ணெய் கசியக் கூடாது. அடிக்கிற உராய்விலேயே சூடு ஏறும் என்பதால், வெண்ணெய் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் தப்பில்லை. மிக்ஸி ஜாரில் இதைச் செய்யலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்த பிளேடு வெட்டும், அரைக்கும். காற்றைப் பிடித்து வைக்காது.

ஹேண்ட் மிக்ஸர் வாங்கும்போது எத்தனை ஸ்பீடு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். முதல் ஸ்பீடு நிஜமாகவே மெதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். சில மிக்ஸர்கள் 1-லேயே சீறிக்கொண்டு கிளம்பும். மைதா போட்ட அடுத்த நொடி முகமெல்லாம் மாவாகிவிடும். பீட்டர் நடுவில் தண்டு இல்லாமல் வெறும் கம்பி வளையமாக இருந்தால் கெட்டிக் கலவை அதற்குள் அடைத்துக்கொள்ளாது. கழுவுவதும் சுலபம். கையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பிடிக்க முடிகிற எடையா என்றும் பாருங்கள், வலியைக் குறைக்கத்தானே வாங்குகிறீர்கள்.

இன்னொரு விஷயத்தைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. மிக்ஸரின் அடியில் வாட், வோல்ட் எல்லாம் அச்சடித்த இடத்தில், சில மாடல்களில் 'கே.பி. 5 நிமிடம்' என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம், அப்புறம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம்.

பிரெட் விஷயத்துக்கு வந்தால் இந்தக் குறிப்புதான் இடிக்கும். 500 கிராம் மாவுக்கு 325 மி.லி. தண்ணீர் விட்டால் 800 கிராமைத் தாண்டிய ஒரு கெட்டி உருண்டை. அதை 8 முதல் 10 நிமிடம் பிசைய வேண்டும். ஹேண்ட் மிக்ஸரோடு இரண்டு சுருள் கொக்கிகள் வருமே, அவற்றை நம்பி இதில் இறங்காதீர்கள். மாவு கொக்கியில் ஏறிக்கொள்ளும், மோட்டார் சூடாகும், மணிக்கட்டு திருகிக்கொள்ளும். எப்போதாவது இளகிய மாவைக் கலக்க மட்டும் அவை பயன்படும்.

பிரெட்டுக்கு ஸ்டாண்ட் மிக்ஸர்தான். அதன் பீட்டர் தன்னைத்தானே சுற்றியபடி கிண்ணத்தையும் எதிர்த்திசையில் சுற்றி வரும். 1919-இல் கிட்சன்எய்ட் என்ற பிராண்டின் வீட்டு மிக்ஸர் வந்த காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு இது. இங்கே எடை நல்ல அறிகுறி. இலேசான இயந்திரம் மாவு பிசையும்போது மேடையில் நகர்ந்துகொண்டே போகும். தலையைச் சாய்த்துத் தூக்கும் வகை என்றால், பூட்டிய பிறகு தலையை மேலே இழுத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். உள்ளே கியர் உலோகமா, பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள்.

பெரிய கிண்ணம் வசதி என்று நினைத்துவிடாதீர்கள். 7 லிட்டர் கிண்ணத்தின் அடியில் இரண்டு வெள்ளைக்கருவை ஊற்றினால் விஸ்க் (நுரைக்க அடிக்கும் கம்பிக்கூடு) அதைத் தொடக்கூட மாட்டாது. வீட்டுக்கு 4 முதல் 5 லிட்டர் சரியான அளவு. பீட்டரின் உயரத்தைத் திருகிச் சரிசெய்ய முடிகிற மாடல் என்றால் இன்னும் நல்லது. காலிக் கிண்ணத்தில் ஒரு நாணயத்தைப் போட்டு, தட்டைப் பீட்டரை மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நாணயம் கொஞ்சம் நகர்ந்தால் உயரம் சரி. அசையவே இல்லையென்றால் பீட்டரை இறக்க வேண்டும், கூடவே இழுபட்டுக்கொண்டு சுற்றினால் ஏற்ற வேண்டும். எந்த மிக்ஸராக இருந்தாலும் பிரெட் மாவை முதல் இரண்டு ஸ்பீடுகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். கியர் தேய்வது பெரும்பாலும் அங்கேதான்.

உங்களுக்கு இப்போதைக்கு நல்ல ஹேண்ட் மிக்ஸர் ஒன்று போதும் என்பேன். பிரெட் இன்னும் ஆசை அளவில்தான் இருக்கிறது, அதைக் கையால் பிசைந்தே பழகுங்கள். மாவு எந்த நேரத்தில் ஒட்டுவதை விட்டு வழுவழுப்பாகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், பின்னால் மிக்ஸரை எப்போது நிறுத்துவது என்பதும் தெரியும். சில மாதம் கழித்தும் வாராவாரம் பிரெட் செய்துகொண்டிருந்தால் அப்போது ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கலாம். ஹேண்ட் மிக்ஸர் வீணாகாது, ஒரே ஒரு வெள்ளைக்கருவை நுரைக்க நீங்கள் அதைத்தான் எடுப்பீர்கள்.