வெளிநாட்டில் உடம்புக்கு முடியாமல் போனால்: வாசகர் கேள்விகள்

மகனைப் பார்க்க சிங்கப்பூர் போகிறோம். அங்கே அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிடலாமா? (வள்ளியூர்)

108 நம் ஊரோடு சரி. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. அமீரகத்தில் 998, சவூதியில் 997, இலங்கையில் 1990. நெஞ்சுவலி என்றால் மகனைத் தேடாமல் முதலில் இதைக் கூப்பிடுங்கள்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

கூடாது. சரக்கறைக் குளிரில் உறைந்துவிட்டால் அது வீண். டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

துபாய் போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, அங்கிருக்கும் வீட்டுக்காரருக்கு இடுப்புவலி மாத்திரை தருகிறார். கொண்டுபோகலாமா? (மேலப்பாளையம்)

மாத்திரையின் பெயரைக்கூட எழுதவில்லை. அக்காவிடம் கேட்டீர்களா? கடையநல்லூர், ஏர்வாடிப் பக்கமிருந்தும் இதே கேள்வி ஓயாமல் வருகிறது. சீட்டில்லாமல் வாங்கிய, பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்ட அரை அட்டையை அல்வா டப்பாவோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். டிரமடால், கொடீன், பிரிகாபாலின் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்துகள். நம் ஊரில் வலிக்கும் இருமலுக்கும் சர்வசாதாரணமாக எழுதுபவைதான். சொந்த உபயோகத்துக்கே முன் அனுமதி வேண்டும். அடுத்தவர் மருந்து உங்கள் பையில் இருந்தால், பிடிபடுவது நீங்கள்தான், அக்கா அல்ல. முகத்துக்காகத் தலையாட்டாதீர்கள். துபாயில் ஊழியருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அந்த அண்ணன் காப்பீட்டு அட்டையோடு அங்கேயே டாக்டரைப் பார்க்கட்டும். உங்கள் சொந்த மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரிக்காமல், சீட்டோடு கொண்டுபோங்கள்.

பயணக் காப்பீட்டில் சுகர், பி.பி.யைச் சொல்லாவிட்டால் பிரீமியம் குறையுமாமே? (பாளையங்கோட்டை)

கொஞ்சம் குறையும். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மே கிடைக்காமல் போகலாம். அமெரிக்காவில் நாலு நாள் ஐ.சி.யூ.வில் படுத்தால் பில் பல லட்சம். உள்ளதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பணம் தரும் பாலிசிகளும் உண்டு. அந்தப் பகுதியைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அமெரிக்காவில் டோலோ கிடைக்குமா? (கல்லிடைக்குறிச்சி)

அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரருக்குப் புரியாது. பாரசிட்டமாலை அங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். எல்லா மாத்திரைக்கும் கம்பெனிப் பெயரை விட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. லண்டனுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? (தென்காசி)

ஸ்டென்ட் அட்டை, கடைசி இ.சி.ஜி. நகல், டிஸ்சார்ஜ் சம்மரி. மாத்திரை, அலர்ஜி விவரத்தை ஒரே தாளில், ஆங்கிலத்தில் எழுதுங்கள். போனில் மட்டும் வைத்தால் சார்ஜ் தீர்ந்ததும் போச்சு. பாஸ்போர்ட்டோடு ஒன்று, அப்பா சட்டைப்பையில் ஒன்று. மாத்திரை பத்து நாளைக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். அதுவும் கைப்பையில்தான்.