பழைய மாருதி 800: பெயருக்கும் நிலைக்கும் உள்ள தூரம்

கேள்வி: 2005ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எத்தனை வருடமானாலும் ஓடும் என்கிறார்களே, நம்பி வாங்கலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இந்தக் காருக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. மூன்று சிலிண்டர் கொண்ட 796 சிசி எஞ்சின் சுமார் 650 கிலோ எடையைத்தான் இழுக்க வேண்டும் என்பதால் அது அதிகம் சிரமப்படுவதில்லை. பழுதானாலும் சிற்றூர் மெக்கானிக் ஒருவர் அன்று மாலைக்குள் சரிசெய்துவிடுவார், உதிரி பாகமும் மலிவு. ஆனால் இவையெல்லாம் அந்த மாடலுக்குரிய பெருமைகள். உங்கள் முன் நிற்கும் கார் இருபது ஆண்டுகளாக யார் கையில், எப்படி இருந்தது என்பதை அவை சொல்லாது.

எஞ்சினைவிட இந்த வண்டியில் நான் அதிகம் அஞ்சுவது துருவைத்தான். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழுள்ள மிதியடியைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரைத் தகட்டைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடோ பட்டி பூசி மறைத்த இடமோ மந்தமாகத்தான் ஒலிக்கும். பேட்டரி இருக்கும் தட்டின் அடிப்பகுதியையும், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பையும், பின்சக்கர வளைவின் உட்புறத்தையும் அதேபோலப் பாருங்கள். எஞ்சினை மறுபடி கட்டிவிடலாம். அடித்தகடு போன வண்டிக்கு ஆகும் டிங்கர் செலவு பல சமயம் வண்டியின் விலையையே தாண்டிவிடும். புதுப் பெயிண்ட் பளபளத்தால் மகிழாதீர்கள், ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடாகிறது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். (மதுரை வாசகர்)

பதில்: கழற்ற வேண்டாம். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கும் வால்வு அது. நம் ஊர்ப் பட்டறைகளில் இது பழைய வழக்கம்தான் என்றாலும், வால்வு இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்ட நெடுநேரம் எடுத்துக்கொண்டு பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்; உண்மையான கோளாறும் அப்படியே மறைந்து கிடக்கும். ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் ரேடியேட்டர் ஃபேன் சுழல்கிறதா என்று பாருங்கள். அதன் சுவிட்ச், ஃபியூஸ், மோட்டார் மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அதன் உட்புறம் பால்காப்பி நிறத்தில் குழைவாக ஏதேனும் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியத்தால் ஆனது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் விட்டுப்போகும். ஆகவே சூடு காட்டும் முள் மேலேறினால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டாமல் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் அதைக் கெடுக்குமா? (கோவை வாசகர்)

பதில்: ஒரே நாளில் கெடுத்துவிடாது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் மெல்ல இளக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் இதனால் தொல்லை அதிகம். எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் ஒருமுறை புதிதாக மாற்றிவிட்டு, வாரத்தில் ஒருநாளாவது ஓட்டுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் அலட்சியம் கூடாது.

கேள்வி: ஆர்.சி. புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? (திருச்சி வாசகர்)

பதில்: சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும், பிறகு வாகனத்தைச் சோதித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்குக் கட்டணம் 2025இல் இரட்டிப்பாகி 10,000 ரூபாயானது. பசுமை வரி தனி. வாங்கும் விலையோடு இதையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கேள்வி: மகள் கார் பழக இது போதுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பழக நல்ல வண்டி. ஆனால் ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத இந்த மெல்லிய உடலை நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே கொண்டுபோக விடாதீர்கள்.