காவரான்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரானில் 1988-ல் அரசியல் கைதிகளைச் சிறைக்குள்ளேயே கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை வாசித்தேன். நான் முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவன். ஈரானின் மன்னர் ஷா நாட்டைவிட்டு ஓடிய சேதி வந்த அன்று டீக்கடையில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொடுத்தவர் என் அண்ணன். ஆகவே கொஞ்சம் கசப்போடுதான் எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ஓரிடத்தில் 2,800 என்கிறீர்கள், இன்னோரிடத்தில் 5,000. கொமேனியின் அரசை எதிர்த்த ஈரானிய முஜாஹிதீன் இயக்கத்தார் 30,000 என்கிறார்கள். எதை நம்புவது? இரண்டாவது, செத்தவர்களில் பாதிக்கு மேல் அந்த முஜாஹிதீன்கள். ஈராக்கின் சதாம் உசேனோடு சேர்ந்துகொண்டு சொந்த நாட்டின் மீதே படையெடுத்த கூட்டம். எந்த அரசு அவர்களை மடியில் வைத்துக் கொஞ்சும்? மூன்றாவது, கொல்லப்பட்டவர்களின் பட்டியல்களைத் தொகுப்பவர்கள் உட்கார்ந்திருப்பது வாஷிங்டனில். ஈரான் மேல் குண்டு போட ஆசைப்படுகிறவர்களுக்குத்தானே இதெல்லாம் உதவும்?

பி.கு: இந்தக் கொலைகளை எதிர்த்து மொந்தஸரி அன்றைய உச்சத்தலைவர் கொமேனிக்கு எழுதிய கடிதங்கள் இரண்டும் ஆகஸ்டில் எழுதப்பட்டவை என்று போட்டிருக்கிறீர்கள். முதல் கடிதம் ஜூலை அல்லவா?

செல்வராஜ், திருப்பூர்

அன்புள்ள செல்வராஜ்,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கோபமெல்லாம் அதில்தான் இருக்கிறது, தகவல் பிழையும் அதில்தான் இருக்கிறது.

முஜாஹிதீன் படை ஈராக்கிலிருந்து எல்லை தாண்டி வந்தது 1988 ஜூலை கடைசி வாரத்தில். ஈராக்குடனான போரை நிறுத்த ஈரான் ஒப்புக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சில நாட்களில் அந்தப் படையை நசுக்கிவிட்டார்கள். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் எவின் சிறையிலும் கோஹர்தஷ்த் சிறையிலும் தூக்கில் தொங்கியவர்கள் அந்தப் படையில் வந்தவர்கள் இல்லை. அவர்களால் வந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் பெரும்பாலும் 1981-லிருந்து, 82-லிருந்து அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். துண்டறிக்கை கொடுத்ததற்காக, இயக்கப் பத்திரிகையை விற்றதற்காக, ஊர்வலத்தில் போனதற்காகப் பிடிபட்டு, விசாரணை என்ற பெயரில் ஏதோ ஒன்று நடந்து, பத்து வருடம், பதினைந்து வருடம் என்று தண்டனை பெற்று அதை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள். பிடிபட்டபோது பள்ளி மாணவர்களாக இருந்தவர்களும் அதில் நிறைய. தண்டனைக் காலம் முடிந்தும் விடப்படாமல் கிடந்தவர்களும் உண்டு, சிறைக்குள் அவர்களை ‘மெல்லிகஷ்’ என்பார்கள், தேசத்தின் கணக்கில் சிறையிருப்பவர் என்பதுபோல ஒரு கிண்டல். ஒரே குற்றத்துக்கு ஏற்கெனவே தண்டனை கொடுத்தாயிற்று, அதையும் பாதி கழித்தாயிற்று, அப்புறம் ஒருநாள் கூப்பிட்டு மறுபடியும் விசாரித்துத் தூக்கில் போடுவதற்குப் போர்க்காலம் என்ற சமாதானம் எங்கே பொருந்துகிறது?

அந்த விசாரணையையும் பாருங்கள். தெஹ்ரான் பகுதிக்கு ஒரு குழு: ஷரியத் நீதிபதி நய்யேரி, அரசு வழக்கறிஞர் எஷ்ராகி, உளவுத்துறை சார்பில் பூர்மொஹம்மதி, கூடவே துணை வழக்கறிஞர் இப்ராஹிம் ரயீசி, ஆமாம், 2021-ல் அதிபரான அதே ரயீசிதான். கைதியைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவருவார்கள். ‘எந்த இயக்கம்?’ என்பது முதல் கேள்வி. ‘முஜாஹிதீன்’ என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. ‘முனாஃபிகீன்’ என்று சொன்னால் மேற்கொண்டு கேள்விகள் வரும். முனாஃபிக் என்ற சொல்லை நம் ஊர் முஸ்லிம் நண்பர்களிடம் கேட்டால் விளக்குவார்கள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கும் நயவஞ்சகன். தன் இயக்கத்தைத் தானே அப்படி அழைக்க வேண்டும். அப்படி அழைத்தவனிடம், கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுப்பாயா, அவர்களைத் தூக்கில் போடும்போது கைகொடுப்பாயா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அடுத்த கட்டத்தை. ஆகஸ்ட் கடைசியில் இடதுசாரிகளின் முறை வந்தது. ஈரானின் கம்யூனிஸ்ட் கட்சியான தூதே கட்சியினர், மார்க்சிய கெரில்லா இயக்கத்தினரான ஃபெதாயீன்கள். இவர்கள் எந்தப் படையும் திரட்டி வரவில்லை. தூதே கட்சி, புரட்சி முடிந்த பிறகு கொமேனியை ஆதரித்த கட்சி, 1981-ல் முஜாஹிதீன்களைக் கொத்துக் கொத்தாகச் சுட்டபோதும் அரசின் பக்கம் நின்ற கட்சி, 1983-ல் அவர்களையே பிடித்து உள்ளே போட்டார்கள். இவர்களிடம் கேட்டது வேறு கேள்விகள். நீ முஸ்லிமா? தொழுவாயா? உன் அப்பா தொழுவாரா?

மூன்றாவது கேள்வி வெறும் குசலம் போல இருக்கிறது, இல்லையா? அதில்தான் உயிர் இருந்தது. அப்பா தொழுகையாளி என்று சொன்னால், நீ முஸ்லிம் வீட்டில் பிறந்து வளர்ந்து மார்க்கத்தைவிட்டுப் போனவன், பிறவி முர்தத், ஆகவே மரணம். அப்பா தொழமாட்டார் என்று சொன்னால், உனக்கு மார்க்கம் ஒழுங்காகச் சொல்லித்தரப்படவில்லை, ஆகவே தொழ ஒப்புக்கொள்ளும்வரை சவுக்கடி. பெற்றவரைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தை சொன்னவன் செத்தான். இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் சுவரில் தட்டும் மோர்ஸ் சங்கேதத்தில் பக்கத்து அறைக்குச் சொல்லி, அது அடுத்த அறைக்குப் போய், அப்படித்தான் சிலர் பிழைத்தார்கள். இடதுசாரிப் பெண்களைக் கொல்லவில்லை, அதற்கும் சட்டம் இருந்தது. ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் அடித்தார்கள், தினமும் ஐந்து வேளை.

இனி வாஷிங்டன். ஆமாம், அங்கேதான் இருக்கிறது அப்துர்ரஹ்மான் பொரூமந்த் மையம். லாடன், ரோயா என்ற இரண்டு சகோதரிகள் தொடங்கியது. அந்தப் பெயர் அவர்கள் அப்பாவுடையது. ஷாவின் கடைசிப் பிரதமர் ஷாபூர் பக்தியாரோடு இருந்தவர், ஜனநாயகவாதி, 1991 ஏப்ரலில் பாரிஸில் கொல்லப்பட்டார். அதே வருடம் ஆகஸ்டில் பக்தியாரும். மகள்கள் அப்பாவுக்கு ஒரு நினைவு அறக்கட்டளை வைத்து, வருடத்துக்கு ஒரு கூட்டம் போட்டு, ஒரு விருது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், அப்படித்தானே வழக்கம். அவர்கள் செய்தது, புரட்சிக்குப் பிறகு அந்த அரசு கொன்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு பக்கம். அதற்கு ‘ஓமித்’ என்று பெயர், பாரசீகத்தில் நம்பிக்கை.

எல்லோருக்கும் என்றால் உண்மையிலேயே எல்லோருக்கும். நான் பல இரவுகள் அந்தப் பக்கங்களில் அலைந்திருக்கிறேன். 1979 பிப்ரவரியில் தெஹ்ரானில் ரெஃபா பள்ளியின் மொட்டைமாடியில் சுடப்பட்ட ஷாவின் தளபதிகள் இருக்கிறார்கள், சவாக் உளவுப்படைக்குத் தலைவனாக இருந்து எத்தனையோ பேரைச் சித்திரவதை செய்வித்த நஸ்ஸீரி உட்பட. நஸ்ஸீரியின் ஆட்கள் சித்திரவதை செய்த இடதுசாரிகள் இருக்கிறார்கள். முஜாஹிதீன்கள் இருக்கிறார்கள், குர்துகள், பஹாய் மதத்தவர்கள், போதைக் கடத்தலுக்காகத் தூக்கிலிடப்பட்ட ஏழைகள். நியாயமான விசாரணை இல்லாமல் கொல்லப்பட்டாரா, அது ஒன்றுதான் அளவுகோல். என் மனது முதலில் முரண்டு பிடித்தது. நஸ்ஸீரிக்கு எதற்கு ஒரு பக்கம்? அவசர அவசரமாக முடிந்த விசாரணை அவனுக்குச் சரி என்று விட்டுவிட்டால், அடுத்து யாருக்குச் சரி என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மறுபடி ஒரு நய்யேரியிடம்தான் போகும். 1979-ல் அந்த மொட்டைமாடியைப் பார்த்துக் கைதட்டியவர்களில் பலர் பின்னால் அதே கேள்விகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உங்கள் அண்ணன் வாங்கிக்கொடுத்த இனிப்பில் தப்பே இல்லை, ஷா ஒழிந்ததற்கு யாரும் இனிப்பு கொடுக்கலாம்.

குண்டு போட ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பயன்படுத்துவார்களா? பயன்படுத்துவார்கள். அவர்களுக்கு எதுவும் பயன்படும். ஆனால் இந்தக் கணக்கை முதலில் எழுதியது அமெரிக்கர்கள் இல்லை, செல்வராஜ். தெஹ்ரானின் அம்மாக்கள்.

அந்த வருடம் ஜூலை கடைசியில் சிறை மனு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகை இல்லை, தொலைக்காட்சியைத் தூக்கிவிட்டார்கள். மாதக்கணக்கில் சிறைவாசலில் நின்று திரும்பிய குடும்பங்களைக் குளிர்காலம் தொடங்கும் சமயத்தில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு பை. உள்ளே துணிமணி, சில சாமான்கள். என்றைக்குச் செத்தான், எங்கே புதைத்தீர்கள் என்றால் பதில் கிடையாது. துக்கம் கொண்டாடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். திதி தெரியாமல் எந்த வீட்டில் காரியம் செய்ய முடியும்? அந்த வீடுகளிலும் அதே கதைதான், ஆகவே எல்லோருக்கும் சேர்த்துச் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாளை வைத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே சில குடும்பங்களுக்குச் சந்தேகம் வந்து, தெஹ்ரானுக்குத் தென்கிழக்கே காவரானில் பஹாய் இடுகாட்டை ஒட்டிய வெற்றுத்தரைக்குப் போய்ப் பார்த்தார்கள். மண் புதிதாகக் கிளறியிருந்தது. கையால் தோண்டினார்கள். அரையடிகூடப் போகவில்லை, துணி தெரிந்தது. யாரோ புகைப்படம் எடுத்தார்கள். மண்ணிலிருந்து பாதி வெளியே தெரியும் ஒரு உடல், சட்டையோடு. அந்தப் படம்தான் முதல் ஆவணம். அதிகாரிகள் அந்த இடத்துக்கு வைத்திருந்த பெயர் லஅனத்தாபாத், சபிக்கப்பட்டவர்களின் ஊர். அம்மாக்கள் பூவோடு போவார்கள், காவலர்கள் பூவை மிதிப்பார்கள், மறுபடி போவார்கள். 2009 ஜனவரியில் புல்டோசர் விட்டு நிரவினார்கள். 2021-ல் பஹாய்களின் பிணங்களை அந்தக் குழிகளின் மேலேயே புதைக்கச் சொன்னார்கள், பஹாய்கள் மறுத்துப்பார்த்தார்கள். அவர்களுக்கும் அந்த அரசிடம் இதே அனுபவம்தான்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து எண்ணூறோ மூவாயிரத்து எண்ணூறோ என்று தன் நினைவுக்குறிப்பில் சொன்னவர் கொமேனியின் வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த மொந்தஸரி. ஐயாயிரம் வாக்கில் என்பது மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியின் கணிப்பு. முப்பதாயிரம் முஜாஹிதீன்கள் சொல்வது, இயக்கத்துக்கு இயக்கம் தியாகிக் கணக்கு ஊதிக்கொண்டே போகும், நமக்கென்ன தெரியாததா. இந்த மூன்றில் எது என்று நான் சண்டைபோடத் தயாரில்லை. 1981-ல் அந்த அரசு கொன்றவர்களின் பெயரைப் பத்திரிகையில் பெருமையாகப் போட்டது. பெயர் சொல்ல மறுத்தே செத்துப்போன இளம்பெண்களின் படங்களை அச்சடித்து, பெற்றோர் வந்து அடையாளம் காட்டுங்கள் என்றுகூட அறிவித்தது. 1988-ல் ஒரு வரி கிடையாது. வெட்கமோ பயமோ, இரண்டில் ஒன்று வந்துவிட்டது. கணக்கு ஏட்டை மறைத்தவனை விட்டுவிட்டு, விரல்விட்டு எண்ணுகிறவனிடம் ஏன் உன் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று கேட்கிறோம்.

அதனால்தான் பெயராக எழுதுகிறார்கள். அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், இயக்கத்தில் ஒரு பெயர், இரண்டும் இரண்டு பட்டியலில் இரண்டு ஆட்களாக நிற்கும். அப்பா பெயர், ஊர், எந்தச் சிறை, எந்த வார்டு என்று பார்த்துப் பார்த்து இணைக்க வேண்டும். ஈரானிய நாள்காட்டிப்படி மொர்தாத் மாதம் 1367 என்று உறவினர் சொல்வதை ஜூலையா ஆகஸ்டா என்று மாற்ற வேண்டும். உயிர்தப்பியவர், ‘அவனைத் தாழ்வாரத்தின் இடதுபக்கம் உட்கார வைத்தார்கள், திரும்ப வரவில்லை’ என்பார், கண்கட்டின் அடியில் தெரிந்த அளவுக்குத்தான் அவர் பார்த்தது, அதையும் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றத்தில் நின்றதும் இதுதான். கோஹர்தஷ்த் சிறையில் வேலைபார்த்த ஹமீத் நூரியை 2019-ல் ஸ்டாக்ஹோம் விமான நிலையத்தில் பிடித்தார்கள். அங்கே போய் 5,000 என்றோ 30,000 என்றோ சொல்ல முடியாது, இன்னார், இன்னாருடைய மகன் என்று பட்டியலைக் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். அல்பேனியாவில் முகாமில் இருக்கும் முஜாஹிதீன் சாட்சிகளைக் கேட்க ஸ்வீடன் நீதிமன்றமே அங்கே போய் உட்கார்ந்தது. 2022 ஜூலையில் ஆயுள் தண்டனை. 2024 ஜூனில் ஈரான் பிடித்துவைத்திருந்த இரண்டு ஸ்வீடன்காரர்களுக்குப் பதிலாக அவரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிகிறது, ஆனால் அந்தத் தீர்ப்பும் அதிலுள்ள பெயர்களும் ஏட்டில் இருக்கின்றன.

பின்குறிப்பில் நீங்கள் சொன்னது சரி. மொந்தஸரியின் முதல் கடிதம் ஜூலை 31, இரண்டாவது ஆகஸ்ட் 4. ஆகஸ்ட் 15 என்பது அவர் நய்யேரியின் அந்த விசாரணைக் குழுவினரை நேரில் வைத்துக்கொண்டு, இஸ்லாமியக் குடியரசில் நடந்த ஆகப்பெரிய குற்றம் உங்கள் கையால் நடந்திருக்கிறது, நாளை வரலாறு உங்களைக் குற்றவாளிகளாக எழுதும் என்று சொன்ன நாள். அந்த ஒலிநாடாவை அவர் மகன் 2016-ல் வெளியிட்டு, அதற்காகத் தண்டனையும் வாங்கினார். நான் மூன்றையும் ஒரே மாதத்தில் குழப்பிக்கொண்டேன். கட்டுரையில் திருத்திவிட்டேன், கீழே உங்கள் பெயரையும் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்