சைக்காலஜி என்றால் பாகாயம் மட்டும்தானா? ராணிப்பேட்டைத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் மகளை அழைத்துக்கொண்டு வேலூரில் என் அலுவலகத்துக்கு வந்தபோது தாங்கள் கேட்ட முதல் கேள்வியையே தலைப்பாக வைத்திருக்கிறேன். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இயங்கிவருவதால், சைக்காலஜி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு அதுவே நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் தங்கள் மகள் விரும்புவது நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் பிரிவு அன்று. வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள், ஒரே பயிற்சியைப் பெற்ற இருவர் ஏன் இருவிதமாகத் தேறுகிறார்கள், வேலை செய்யும் இடம் மனிதரை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் பிரிவு அது.

அதை விளக்கத் தாங்கள் சொன்ன நிகழ்ச்சியே போதும். தங்கள் ஷூ கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் இயங்கும் கட்டிங் மெஷின் வந்தபோது பையன்கள் இரண்டே நாளில் திரையைப் பழகிக்கொண்டார்கள் என்றும், தோலைக் கையால் தடவியே தழும்பைக் கண்டுபிடிக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் திணறினார்கள் என்றும், பிறகு தோலை விரித்துப் பழுதைக் குறிக்கும் பொறுப்பை அவர்களிடம் விட்டதும் நிலைமை மாறியது என்றும் சொன்னீர்கள். அதுவரை மார்க் ஷீட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, “அவங்கள்ல யாருப்பா முதல்ல கத்துக்கிட்டாங்க? அவரு மட்டும் ஏன்?” என்று கேட்டாள். தங்களிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விதான் இந்தத் துறை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் கேட்டு முடித்துவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் அதையே சோதித்துப் பார்த்து, கற்கும் திறன் வயதோடு மெதுவாகவே குறைகிறது என்று 1928-இல் எழுதினார். பின்னர் ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர், புதிய சிக்கலை அவிழ்க்கும் திறனையும் படிப்பாலும் அனுபவத்தாலும் சேர்ந்த திறனையும் வேறு பிரித்தார். முன்னது வயதோடு இறங்கும்போதும் பின்னது நெடுங்காலம் நிலைக்கிறது. நம் நாட்டுச் சான்றும் உண்டு. 1953-இல் அகமதாபாத் மில் ஒன்றில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயராதபோது, லண்டனிலிருந்து வந்த ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் தறிகளைத் தொடாமல் ஆட்களின் அமைப்பை மாற்றச் செய்தார். சிறு குழுக்களாகப் பொறுப்பேற்றதும் உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது.

இனி படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூ எந்தக் குரூப் படித்திருந்தாலும் இளநிலை உளவியலில் சேரலாம். செலவைக் குறைக்க அஞ்சல் வழியில் சேர்க்கலாமா என்றீர்கள். 2025 கல்வியாண்டு முதல் தொலைநிலை வழியிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. நிறுத்திவிட்டதால், யாரேனும் ஏஜென்ட் இடம் இருக்கிறது என்றால் பணம் கட்டிவிடாதீர்கள். அடுத்து முதுநிலை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943 முதலே உள்ளது, காட்பாடியிலோ வாலாஜா ரோட்டிலோ ரயில் ஏறினால் சென்னை எட்டும் தூரம்தான். பிறகு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முனைவர் ஆய்வுக் காலத்தில் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். அந்தப் போட்டி கடுமையானது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இளநிலையோடு நிறுத்தினால் இந்தத் துறையில் வேலை எளிதில் அமையாது, கம்பெனிகளின் எச்.ஆர். பிரிவிலும் எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) படித்தவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கும். ஆகவே ஐந்தாண்டுப் படிப்புக்காவது குடும்பம் தயாராக இருக்க வேண்டும். கணக்குக்குப் பயந்து சைக்காலஜிக்கு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலிப்பே வந்துவிட்டது; ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளப்பதே புள்ளியியலால்தான் என்பதால், அந்தப் பாடத்திலிருந்து தப்பவே முடியாது. மகளின் கணித மதிப்பெண் சுமார்தான் என்றாலும் அவள் கணக்கைக் கண்டு அஞ்சுபவளாகத் தெரியவில்லை.

கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. அதற்குள் தோல் வெட்டும் அந்த ஐம்பது வயதுக்காரர்களில் இரண்டு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, மெஷினை எப்படிப் பழகினார்கள் என்று மகளே கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். அந்த நோட்டோடு அவளை மட்டும் என்னிடம் அனுப்பினால் போதும்.