தம்பியைக் காட்டி ஏசாதீர்கள்

கேள்வி: என் 15 வயது மகன் தினமும் காலை 5 மணிக்கு என்னோடு எடைப் பயிற்சி செய்கிறான். தொடை வலிக்கிறதென்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்குகிறான். 10 வயதுத் தம்பியும் எங்களோடு செய்துவிட்டு உடனே விளையாட ஓடிவிடுகிறான். அவனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றாலும் மூத்தவனுக்கு உறைக்கவில்லை. எந்தப் புரோட்டீன் பவுடர் கொடுக்கலாம்?

பதில்: பவுடர் கிடக்கட்டும். போகிற போக்கில் தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னை உறுத்துவது அதுதான். படி இறங்கவே தடுமாறுகிற பிள்ளையிடம், ஐந்து வயது இளையவனைக் காட்டி ஏச உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பருவமடையாத பிள்ளையின் தசை, வளர்ந்தவர்களின் தசையைவிட ஆக்சிஜனை அதிகம் நம்பி இயங்குவதால் கடும் உழைப்பின்போது தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் அதில் குறைவாகவே சேர்கிறது. தசையின் முழு வலுவையும் திரட்டி இழுக்கும் திறன் அந்த வயதில் இன்னும் வந்திராததால், நார்களுக்கு நேரும் சேதமும் குறைவு. இளையவன் உடனே ஓடுவதற்குக் காரணம் இதுதான். பருவம் தொடங்கியபின் தசை பருத்து, வலு ஏறி, மெல்ல மெல்லப் பெரியவர்களின் தசையைப்போல் நடந்துகொள்கிறது. அதற்கேற்பக் களைப்பும் கூடும், தேறவும் நாளாகும். இன்னும் சில ஆண்டுகளில் இளையவனும் அதே படியில் பக்கவாட்டில் இறங்குவான். அப்போது யாரைக் காட்டுவீர்கள்?

பழகாத சுமையால் வரும் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். நீங்களோ 24 மணி நேரம் ஆனதும் அவனை எழுப்பி மறுபடியும் சுமையைத் தூக்க வைக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி, சரியான முறையில் தூக்குகிறானா என்று கவனிக்க ஆள்: இவ்வளவுதான் பிள்ளைகளுக்கு வேண்டியது. அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்த வயதில் இரவில் தூக்கம் வருவதே தாமதமாகும். தேவையோ 8 முதல் 10 மணி நேரம். 5 மணிப் பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள். வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடுகிற பிள்ளைக்குப் பவுடர் தேவையில்லை. தசை வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

முதல் வேலையாக, இன்று மாலை இளையவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, தெரியாமல் ஏசிவிட்டேன் என்று மூத்தவனிடம் சொல்லுங்கள். அதை அம்மாவிடம் சொல்லியனுப்ப வேண்டாம். ஏசியது உங்கள் வாய்தான்.